கடைசிக் கம்பத்து வீடு

அண்ணனைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, வேனிலிருந்து முதலில் இறங்கியது அந்த மெஷின்தான். சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அறையில் உள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, நீளமான டியூப் வழியாக மூக்குக்கு அனுப்பும். அண்ணனுக்கு நுரையீரல் நார் நாராக இறுகிப்போயிருந்தது. இருபத்தெட்டு வருஷம் விசைத்தறிகளுக்கு நடுவில் நின்றவன். பஞ்சுத் தூசியால் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்: "ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது இந்த மெஷின் ஓடணும். அதுல குறை வைக்காதீங்க."

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு தறிக்கூடங்கள் இருக்கும் தெருவின் கடைசியில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பும் கம்பி தெரு முழுக்க வந்து எங்கள் வாசல் கம்பத்தோடு முடிந்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறேன். ஏசி மின்சாரத்தில் பவர் என்ற பகுதியை இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் நடத்துகிறேன். அதனால் மெஷினை எங்கே வைப்பது, எந்த வயரில் கொடுப்பது, எந்த ஸ்டெபிலைசர் வாங்குவது எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மெஷின் கத்தியது. பீப், பீப் என்று விடாமல் கத்தியது. மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏம்மா, என்னம்மா இது? டியூப் கழண்டுட்டா?"

டியூப் சரியாகத்தான் இருந்தது. ஸ்டெபிலைசரின் முள் நூற்று ஐம்பத்தெட்டு வோல்ட்டில் நின்றது. இருநூற்று முப்பது வர வேண்டிய இடம். ஸ்டெபிலைசர் தன்னால் முடிந்த மட்டும் தூக்கிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் டக்கென்று கட்டாகிவிட்டது. இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. ஆனால் பகல் முழுக்கக் குறைந்த வோல்டேஜில் கிடந்ததால் அதன் பேட்டரி பாதிகூடச் சார்ஜ் ஆகியிருக்கவில்லை. முக்கால் மணி நேரம் தாக்குப் பிடித்தது. அதன்பிறகு அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தோம். அண்ணன் கட்டிலில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஏழரைக்குத் தறிகள் ஷிப்ட் மாறும் இடைவெளியில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி, மெஷின் திரும்ப ஓடியது. மறுநாளும் அதே நேரம், அதே சத்தம்.

லைன்மேனுக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். உடனே பைக்கில் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். ஜாயின்ட் எல்லாம் சரியாக இருந்தது. இறங்கி வந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், டிரான்ஸ்ஃபார்மர்ல நல்லாத்தான் வருது. இங்கன வந்து சேருததுக்குள்ள எறங்கிருது. வழியில நாலு தறிக்கூடம் இழுக்குல்லா. தனி டிரான்ஸ்ஃபார்மர் வச்சாத்தான் விடியும். அதுக்கு எழுதிக் குடுங்க. ஆனா நாளைக்கே வந்துருமான்னு கேட்டா, என்னால சொல்ல முடியாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு, காலேஜ் லேபிலிருந்து அனுமதி வாங்கி கிளாம்ப் மீட்டர் ஒன்றை எடுத்து வந்தேன். கம்பியை அறுக்காமல், அதைச் சுற்றிக் கவ்வ வைத்தே எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கும் கருவி அது. அதில் பவர் ஃபேக்டரும் தெரியும். அதாவது, கம்பியில் போகிற கரண்டில் எவ்வளவு உண்மையிலேயே வேலைக்குப் போகிறது என்ற கணக்கு.

இதை எப்படி எளிதாகச் சொல்வது என்று எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. மதினியிடம் அன்று இப்படிச் சொன்னேன். தறி மோட்டாருக்கு இரண்டு வகைக் கரண்ட் வேண்டும். ஒன்று தறியைச் சுற்றுவது. இன்னொன்று மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்குவது. அந்த இரண்டாவது செலவாகாது. போகும், திரும்பி வரும், மறுபடி போகும். எந்த வேலையும் செய்யாது. ஆனால் போகவும் வரவும் அதே கம்பியில்தான் இடம் எடுக்கும். கம்பியில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவு வோல்டேஜ் வழியிலேயே இறங்கும். கடைசி வீட்டுக்கு மிச்சம்தான் வரும். மோட்டாருக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர் வைத்தால், அந்தப் போக்குவரத்து அங்கேயே முடிந்துவிடும். தெருக் கம்பிக்கு வராது.

"அப்போ அதை வச்சா அவருக்கு மூச்சு நிக்காதா?" என்று மதினி கேட்டாள்.

"மெஷின் நிக்காது மதினி" என்றேன்.

முதல் தறிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கம்பம் தள்ளி. ஒரு காலத்தில் அது அண்ணனுடையதுதான். உடம்பு முடியாமல் போனதும் அவனோடு கூட்டாக இருந்தவரிடமே விட்டுவிட்டான். இப்போது அந்த அண்ணாச்சிதான் இருபத்து நான்கு தறி ஓட்டுகிறார். நான் போனபோது சேலை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அவர் என்னை வெளியே கூட்டி வந்தார்.

"அவன் எப்படி இருக்கான்?"

"சாயங்காலமானா மெஷின் நின்னுருது அண்ணாச்சி. வோல்டேஜ் இல்ல. உங்க மெயின் போர்டைக் கொஞ்சம் பாத்துக்கிடட்டுமா?"

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் கூட்டிப் போனார். மெயின் வயரில் மீட்டரைக் கவ்வ வைத்தேன். நாற்பத்திரண்டு ஆம்பியர். பவர் ஃபேக்டர் அரைக்குச் சற்று மேலே. கிட்டத்தட்ட பாதி, சும்மா போய் வருகிற கரண்ட். போர்டுக்குக் கீழே மூன்று கெப்பாசிட்டர் டப்பாக்கள், தறிக்காரர்கள் கண்டன்சர் என்பார்கள், வரிசையாகத் தொங்கின. மூன்றின் மேலும் பஞ்சு ஒட்டிப் படிந்திருந்தது. ஒன்று வயிறு உப்பியிருந்தது. மற்ற இரண்டுக்கும் வயரே இல்லை.

"கண்டன்சர் எல்லாம் செத்துக் கெடக்கே அண்ணாச்சி."

"அது எப்பமோ செத்துருச்சு. ஈபிலருந்து செக் பண்ண யாராச்சும் வந்தா டப்பா கண்ணுல பட்டா போதும்னு விட்டு வச்சிருக்கேன்." ஒளிக்காமல் சொன்னார். "இத மாட்டுனா எனக்குத் தறி வேகமா ஓடுமா? ஓடாதுல்லா. பொறவு யாரு இத நெனக்கா?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வாங்கித் தந்து நானே மாட்டித் தருகிறேன் என்றேன். "அவனுக்காகத்தானே கேக்க. மாட்டிக்கோ" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவனுக்குப் பேசுவதற்கு மூச்சு வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான்.

"ஏட்டி, அந்தக் கண்டன்சர... கழட்டுனதே நான்தான்."

"நீயா?"

"ஒண்ணு வெடிச்சுது. பயந்து போயி மத்ததுக்கும் வயரைப் பிடுங்கிட்டேன். ஒன்னை வந்து பாருன்னு கூப்பிட்டேன்லா. நீ சனிக்கெழம வாரேன்னு சொன்ன."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. பதினைந்து வருஷமாவது இருக்கும். நான் அப்போது காலேஜ் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டிருந்தான். பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அவனும் அதன்பிறகு கேட்கவில்லை.

"இந்தா, அடுத்த வீடு பூட்டிக் கெடக்கே" என்றான் அண்ணன். "அங்கன ஒரு அக்கா மாவு அரைச்சு வித்துக்கிட்டு இருந்தா. கிரைண்டர் சுத்த மாட்டேங்கு, ஒங்க தறியாலதான்னு வந்து நின்னா. ஒங்க கிரைண்டர் பழசு, மாத்துங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"மாத்துனாளா?"

"மாத்துனா. அதுவும் சுத்தல." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பொறவு மக வீட்டுக்குப் போயிட்டா."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நான் எழுந்து மெஷினுக்கு அடியில் சேர்ந்திருந்த தூசியைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரு வாரத்தில் இரண்டு கூடங்களுக்கு மாட்டி முடித்தேன். மூன்றாவது கூடத்துக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கண்டன்சர் வெடித்துத் தீப்பிடித்தால் நூலெல்லாம் போகும், நீ பொறுப்பு எடுப்பியா என்று கேட்டார். எடுப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்காவது கூடம் வெளியூர்க்காரருடையது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மெயின் போர்டு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆனாலும் இரண்டே கூடங்களுக்குப் பலன் தெரிந்தது. அண்ணாச்சி கூடத்தில் நாற்பத்திரண்டு ஆம்பியர் முப்பதுக்கு இறங்கியது. தறி எதுவும் நிற்கவில்லை, ஒன்றும் குறையவில்லை. கம்பியில் போகிற சும்மா கரண்ட் மட்டும் குறைந்தது. கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டுக் காட்டிய கணக்கு, என் கண் முன்னால் ஒரு மீட்டரில் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். ஓடி வந்து வீட்டு ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நூற்று எண்பத்து மூன்று. மெஷின் கத்தவில்லை.

பதினெட்டு நாள் அப்படியே போனது. அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருநாள் மதினி கொடுத்த ரசம் சாதத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். இன்னொரு நாள் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்றான். மதினி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். டியூபை ஒதுக்கி ஒதுக்கி நான் செய்துவிட்டேன். "நம்ம ஊர்லயே கரண்டப் பத்தி ஒனக்குத்தான்டி தெரியும்" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் வோல்டேஜ் நூற்று அறுபத்தைந்துக்கு வந்தது. மூன்றாவது கூடத்தில் பழைய தறிகளை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டார் வைத்த தறிகளைப் போட்டிருந்தார்கள். கெப்பாசிட்டருக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் குறையக் குறைய அதன் உதவியும் குறையும், அதுவும் ஒன்றுக்கு ஒன்றாக இல்லை, வோல்டேஜ் பாதியானால் உதவி காலாகிவிடும். எப்போது அதிகம் தேவையோ அப்போது அது பலமில்லாமல் நிற்கும். இதையும் நான் நடத்தியிருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி.

திரும்ப அந்தக் கூடத்துக்குப் போனேன். அவர் இந்தத் தடவை கோபப்படவில்லை. "டீச்சர், லோன் போட்டுத் தறி எறக்கியிருக்கேன். ஒங்க அண்ணனுக்காக நான் நிப்பாட்ட முடியுமா, சொல்லுங்க" என்றார். நிறுத்தச் சொல்லவில்லை, கெப்பாசிட்டர் மட்டும்தான் என்றேன். தறி இறக்கின கம்பெனி ஆள் வந்து பார்க்கட்டும், அவன் சொன்னால் மாட்டலாம் என்றார். அந்த ஆள் வரவேயில்லை. நான் ஒன்பது தடவை நடந்திருப்பேன். கடைசி இரண்டு தடவை என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலங்களுக்குச் சிலிண்டர் என்று ஆனது. சிலிண்டர் தென்காசியிலிருந்து வர வேண்டும். வண்டி தாமதமானால் மதினி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பாள். அண்ணன் அவளைப் பார்த்துக் கையால் உட்காரச் சொல்லுவான்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊரே கோவிலைச் சுற்றி இருந்தது. இளையரசனேந்தல் பக்கமிருந்தும் மேலநீலிதநல்லூர் பக்கமிருந்தும் சனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. தறிக்கூடங்கள் அத்தனையும் மூடியிருந்தன. தெரு முழுக்க ஒரு மோட்டார் சத்தம் இல்லை. மத்தியானம் ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். முள் இருநூற்று இருபத்தெட்டில் நின்றது. அந்த வீட்டில் அப்படி ஒரு வோல்டேஜை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சீராக ஓடியது. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர், முழு அளவு. இன்றைக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அண்ணனுடைய விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது. எண்பத்தொன்று. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலை மாற்றினேன். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினேன். எண்பது.

அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, கரண்ட் நல்லா வருதா?"

"நல்லா வருதுண்ணே."

"மெஷின்?"

"அதும் நல்லா ஓடுது."

அவன் கொஞ்ச நேரம் மூச்சு சேர்த்தான். "அப்போ... ஏன் எனக்கு வரல?"

அத்தனை நாளாக எல்லாக் குற்றத்தையும் கம்பியின் மேல் போட்டிருந்தேன். சாயங்காலம் மூச்சு முட்டினால் வோல்டேஜ், காலையில் முட்டினால் முந்தின நாள் சாயங்காலத்தின் மிச்சம். கம்பி சரியாக இருந்த ஒரு நாளில்தான் அவனுடைய நுரையீரல் எவ்வளவு போய்விட்டது என்று தெரிந்தது. மதினி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

டாக்டரிடம் போனில் பேசினேன். இன்னும் பெரிய மெஷின் ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு, நான் கேட்காமலே, "இனி மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. அவர் கேட்கிறதைச் சாப்பிடக் கொடுங்க" என்றார். அண்ணன் எதையும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே கால் இருக்கும், நான் வகுப்பில் இருந்தேன். மதினி போன் செய்தாள். அவள் அழவில்லை. "வந்துரு" என்று மட்டும் சொன்னாள். நான் வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணனின் கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். டியூபை மூக்கிலிருந்து எடுத்துத் தலையணையில் வைத்திருந்தார்கள். மெஷினை நிறுத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டியூபின் நுனியிலிருந்து வந்த காற்றில் தலையணை உறையின் ஓர நூல் ஆடிக்கொண்டிருந்தது.

நான் போய் சுவிட்சை அணைத்தேன். அணைக்கும் முன் என் கண் ஸ்டெபிலைசர் முள்ளுக்குப் போனது. நூற்றுத் தொண்ணூறு. அந்த நேரத்திலும் அதைப் பார்த்தேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஒரு கண்டன்சர் வெடிச்சுட்டும்மா. வேலைக்கு வாரவங்க பயப்படுதாங்க. கழட்டிரட்டுமா?"

மாற்றிவிடலாம், வெடித்ததை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம், நான் வந்து பார்க்கிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் எங்களைத் தவிர வேறு வீடுகளும் இருக்கின்றன. "கழட்டிருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பிறகு போய்விட்டார்.

மெஷினை யாருக்காவது கொடுத்துவிடு என்று மதினி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அறைக்குள் போகவே அவளால் முடியவில்லை. தெரிந்தவர்கள் வழியாகச் செய்தி போய், சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கார் எடுத்து வந்தார். என் வயதுதான் இருக்கும். வயலில் இருந்து நேராக வந்தவர் மாதிரி வேட்டியில் மண் இருந்தது. மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடிச் சாமானைத் தூக்குவது போலத் தூக்கினார். ஃபில்டரை எப்படிக் கழுவுவது, தண்ணீர்க் குப்பியை எப்போது மாற்றுவது என்று காட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"உங்க வீடு எங்க? ஊருக்குள்ளயா?"

"இல்லம்மா, தோட்டத்துல. ஊருக்கு வெளிய."

"பக்கத்துல பம்ப் செட் நிறைய உண்டா?"

"தோட்டம்லா. சுத்தி அதான்."

"சாயங்காலம் லைட் எப்படி எரியும்?"

"மங்கலாத்தான். அது எப்பவும் உள்ளதுதான" என்று சிரித்தார். "இந்த மெஷின் வந்துட்டா சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

ஸ்டெபிலைசரையும் எடுத்துப் போகச் சொன்னேன். இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. சிலிண்டர் ஒன்று கையில் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். சரிம்மா என்றார். யாருக்கு உடம்பு முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. கார் தெருவில் பின்பக்கமாகவே போய், அண்ணாச்சி தறிக்கூடத்து வாசலில் திரும்பி, மெயின் ரோட்டுக்கு ஏறியது. மதினி அண்ணனின் கட்டில் கிடந்த அறையைக் கூட்டத் தொடங்கினாள்.